திருகோணமலையில் வீடு வாங்க: தரகரா, உறவினரா, சட்டத்தரணியா?

கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் திருகோணமலைக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கிவிடும். கோணேசர் கோயிலுக்குப் போய்வந்து, நிலாவெளியில் ஒரு நாள் குளித்து முடிந்ததும் பேச்சு காணிக்கு வந்துவிடும். "உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன வீடு இருந்தால் நல்லாயிருக்கும். யாரைப் பிடிக்கலாம்?"

இந்தக் கேள்விக்கு ஊரில் நான்கு விதமான பதில் கிடைக்கும். ஒரு தரகரைப் பிடி என்பார்கள். கொழும்பில் கம்பெனிகள் இருக்கின்றன, இணையத்தில் விளம்பரம் இருக்கிறது, அதைப் பார் என்பார்கள். அண்ணன் தம்பி யாருக்காவது அற்றோர்னித் தத்துவம், அதாவது உங்களுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிடு என்பார்கள். மிகச் சிலர்தான் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பார் என்பார்கள். நான்கிலும் வீடு வாங்கியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான்கிலும் காசைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உங்களுக்காக வேலை செய்பவருக்குக் காசு எப்போது கிடைக்கிறது? வியாபாரம் முடிந்தால்தான் கூலி என்றிருப்பவரிடம் "இந்த உறுதி (காணிப் பத்திரம்) சரியானதா" என்று கேட்டால், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவரது மனம் "சரி" என்ற பக்கமே சாயும். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கூலி வாங்குபவரே "வேண்டாம், விடுங்கள்" என்று சொல்லக்கூடியவர்.

யாரைப் பிடிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் உங்கள் பெயருக்குக் காணி எழுதலாமா? 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை உரித்தாக்க முடியாது. பிறந்தது திருஞானசம்பந்தர் வீதியாக இருந்தாலும், கனேடியக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு இந்தத் தடை இல்லை. சில வகை அடுக்குமாடி வீடுகளுக்கும் பெற்றோர் வழியாக வரும் உரிமைக்கும் விதிவிலக்கு உண்டு. மற்றவர்கள் 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். இதைத் தரகர் தானாகக் கேட்கமாட்டார். உங்களிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் இதைத் தெரிந்துகொள்ளும் நிலை உங்களுக்கு வரவேண்டாம்.

சரி, தரகரிடம் வருவோம்.

ஒன்ராறியோவில் வீடு வாங்கியவர்கள் "ஏஜென்ட்" என்றதும் மனதில் வைத்திருக்கும் ஆள் வேறு. அங்கே அவர் படித்து, பதிவு செய்து, மாகாணச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பவர். நீங்கள் கொடுக்கும் முற்பணம் வழக்கமாக நிறுவனத்தின் நம்பிக்கைக் கணக்கில் தனியாகக் கிடக்கும். இங்கிலாந்திலும் வீட்டு முகவர் என்றால் 1979 ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் கட்டும், முறைப்பாடு கேட்க ஓர் அமைப்பில் அவர் சேர்ந்திருக்கவும் வேண்டும். இங்கே காணித் தரகராவதற்குத் தேர்வும் இல்லை, உரிமமும் இல்லை. ஒரு கைத்தொலைபேசியும் ஊர்ப் பழக்கமும் போதும். ஓட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கடை வைத்திருப்பவர் என்று யாரும் தரகராக இருக்கலாம். இதனால் அவர்கள் கெட்டவர்கள் என்று ஆகிவிடாது. அவர்கள் பிழை விட்டால் நீங்கள் போய் முறையிட ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் தரகரிடம் இருக்கும் ஒன்று வேறு யாரிடமும் இல்லை. எந்த வீடு விற்பனைக்கு வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். உவர்மலையிலும் அலஸ்தோட்டத்திலும் நல்ல வீடுகள் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. நோர்வேயில் இருக்கும் பிள்ளைகள் அம்மா இறந்த பிறகு விற்க நினைக்கிறார்கள், சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது, விலையை நேரே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். இதெல்லாம் தரகரின் தலைக்குள்தான் இருக்கும். பேச்சுவார்த்தையிலும் அவர் உதவுவார். சொந்தக்காரர் முகத்துக்கு நேரே நீங்கள் சொல்ல முடியாத விலையை அவர் போய்ச் சொல்லிவிட்டு வருவார். இதற்குக் கூலி கொடுப்பது நியாயம்தான்.

கூலி வழக்கமாக விலையில் 2 அல்லது 3 வீதம். விற்பவரிடம் மட்டுமா, உங்களிடமுமா என்பதை வீடு பார்க்கப் போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வாங்குவது இங்கே சாதாரணம். விலை கூடினால் அவருக்குக் கூலியும் கூடும். ஆகவே விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று அவர் சொல்வதை ஓர் அளவோடு நம்பலாம்.

தரகர் வீடு காட்டும் விதத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். இப்போது பெரும்பாலும் வாட்ஸப் வீடியோவில்தான் காட்டுகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு ஒரு வீட்டை இப்படிக் காட்டியபோது நான் அந்த வளவில் நின்றேன். படலையிலிருந்து விறாந்தை, விறாந்தையிலிருந்து கூடம், புதிதாக ஒட்டிய தரை ஓடு, குளியலறைக் குழாய் என்று கமரா அழகாகப் போனது. கிணற்றடிக்கு வந்ததும் மேலே திரும்பித் தென்னை மரத்தைக் காட்டியது. நான் வாளியை இறக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், உவர். கடற்கரையை ஒட்டிய வளவுகளில் இது புதினமில்லை. பின்மதிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்ணிறக் கோடு ஓடியது. மாரியில் வெள்ளம் நிற்கும் உயரம் அது. அவள் வீடியோவில் பார்த்தது ஆடி மாதத்து வெயிலில் பளபளத்த வளவு. தரகர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை.

"அக்கா, காணி சுத்தம், ஒரு வில்லங்கமும் இல்லை. வாற கிழமை இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் குடுக்கப் போறாங்க." அடுத்து வருவது இதுதான். அந்த இன்னொரு பார்ட்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உண்மையிலேயே இருந்தாலும் உங்கள் வேகத்தை அது தீர்மானிக்கக் கூடாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைகூட நொத்தாரிசின் முன்னால், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். தரகர் தரும் ஒரு துண்டில் "அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று சொந்தக்காரர் கையெழுத்து வைத்தால், அதைக் காட்டி வீட்டை எழுதித் தரும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்த காசைத் திரும்பக் கேட்கலாம். அதைக் கேட்டு வழக்குக்கு அலைவது லண்டனில் இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலையா?

கொழும்புக் கம்பெனிகளையும் இணைய விளம்பரங்களையும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விளம்பரம் விலை விசாரிக்க நல்லது. உப்புவெளியில் ஒரு பேர்ச்சஸ் (இங்கே காணி அளக்கும் அலகு) என்ன கேட்கிறார்கள், நிலாவெளியில் என்ன, பாலையூற்றில் என்ன என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டு வந்தால் உள்ளூர்த் தரகர் சொல்லும் விலையை எடைபோடலாம். ஆனால் கேட்கும் விலையைத்தான் அங்கே காணலாம், விற்ற விலையை அல்ல. பெரிய காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் கம்பெனிகளிடம் போனால், அந்தப் பிரிப்புக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி இருக்கிறதா, பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். கம்பெனியின் சட்டத்தரணி கம்பெனிக்கு வேலை செய்பவர். உங்களுக்கு இலவசமாகச் செய்து தருகிறோம் என்றால் நன்றி சொல்லிவிட்டு உங்கள் ஆளை வையுங்கள்.

உறவினர் விஷயம்தான் எழுதக் கஷ்டமானது. நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள். தம்பி இங்கே இருக்கிறான், அவனை விட யாரை நம்புவது? நம்பிக்கை சரி. ஆனால் தம்பியிடம் நாம் கேட்பது மூன்று வேறு வேறு வேலைகள். வீட்டைப் போய்ப் பார்ப்பது ஒன்று. நமக்காகக் கையெழுத்து வைப்பது இன்னொன்று. வீட்டைத் தன் பெயரில் வைத்திருப்பது மூன்றாவது.

முதலாவதை அவனை விட நன்றாகச் செய்ய யாராலும் முடியாது. மார்கழி மழை நாளில் மோட்டார் சைக்கிளில் போய் ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பான். பக்கத்து வீட்டில் தேத்தண்ணி குடித்து, எல்லைத் தகராறு ஏதும் உண்டா என்று கேட்பான். கிராம உத்தியோகத்தரிடம் விசாரிப்பான். தரகர் சொல்லாத அத்தனையும் அரை நாளில் வந்து சேரும்.

இரண்டாவதுக்கு அற்றோர்னித் தத்துவம் வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே கொண்டுவந்து முறைப்படி பதிந்துகொள்ள வேண்டும். எழுதும்போது பொது அதிகாரம் கொடுக்காமல் விசேட அதிகாரம் கொடுங்கள். இந்த வரைபட இலக்கத்தில் உள்ள இந்தக் காணியை, இந்த விலைக்கு மேற்படாமல், என் பெயருக்கு வாங்குவதற்கு மட்டும் என்று இருக்கட்டும். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் தேவையில்லை என்றால் அந்த வரிகள் அதில் இருக்கவே கூடாது. அச்சடித்த படிவத்தில் எல்லா அதிகாரமும் வரிசையாக இருக்கும், அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பதுதான் வழக்கம். போலி அற்றோர்னித் தத்துவங்களும் போலி உறுதிகளும் பெருகியதால்தான் 2022 இல் நொத்தாரிசு, அற்றோர்னித் தத்துவம் தொடர்பான சட்டங்களைத் திருத்தினார்கள். விற்பவர் வெளிநாட்டில் இருந்து, அவருக்காக வேறொருவர் கையெழுத்து வைக்க வந்தால் நீங்களும் அதே கண்ணோடு பாருங்கள். அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, ரத்துச் செய்யப்பட்டதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்திருந்தால் தத்துவமும் அன்றோடு முடிந்துவிடும். சொந்தக்காரரோடு ஒரு வீடியோ அழைப்புப் பேசிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

மூன்றாவது வேலையைத் தம்பியிடம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். இரட்டைக் குடியுரிமை எடுக்கச் சோம்பல்பட்டு அவன் பெயரில் எழுதிவிடுகிறார்கள். அவன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு ஒன்று நடந்தால் வீடு அவனது மனைவி பிள்ளைகளுக்குப் போகும். அவன் கடன்பட்டால் கடன்காரன் அந்த வீட்டின் மேல் கை வைப்பான். காசு நான்தான் கொடுத்தேன் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம்தான், அண்ணனும் தம்பியின் மனைவியும் எதிர் எதிராகச் சாட்சிக் கூண்டில் நின்று. ஒரு வீட்டுக்காக ஒரு குடும்பத்தையே விலையாகக் கொடுத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். குடியுரிமை கையில் வரும்வரை வாடகைக்கு ஒரு வீட்டை எடுத்து, ஒரு மாரியை அங்கே கழித்துப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கடைசி வழி சட்டத்தரணி. இங்கே நொத்தாரிசுகளில் பெரும்பாலானோர் சட்டத்தரணிகளே. வாங்குபவர்தான் நொத்தாரிசைத் தெரிவு செய்வது வழக்கம், செலவும் அவருடையதே. இந்த உரிமையைப் பலர் தரகரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். "நம்மட லோயர் இருக்கிறார், எல்லாம் செய்து தருவார்" என்றதும் சரி என்கிறார்கள். தரகர் மாதா மாதம் வேலை கொண்டுவந்து கொடுக்கும் சட்டத்தரணிக்கு அந்தத் தரகரின் வியாபாரத்தைக் குழப்பச் சங்கடமாகத்தானே இருக்கும்? உங்கள் சட்டத்தரணியை நீங்களே தேடுங்கள். உறுதி எழுதும் கூலியையும் உறுதியைப் பரிசோதிக்கும் கூலியையும் தனித்தனியாகப் பேசுங்கள். பரிசோதனைக்கான கூலியை, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தருவேன் என்று முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பரிசோதனையில் என்ன நடக்கிறது? காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்கான பதிவுப் பக்கங்களைத் தேடி, குறைந்தது 30 ஆண்டு பின்னோக்கிப் போவார்கள். யார் யாருக்கு எழுதினார், எப்போது ஈடு வைத்தார், மீட்டாரா, வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். திருகோணமலையில் அந்த 30 ஆண்டு சும்மா போன ஆண்டுகள் அல்ல. 1990 இலும் 2006 இலும் சனம் வீடு வாசலை விட்டு ஓடியது. உறுதிகள் எரிந்தன, தொலைந்தன. சொந்தக்காரர் இந்தியாவில் அகதியாக இருக்க, வளவில் வேறொருவர் வந்து குடியிருந்தார். 10 ஆண்டு இடையூறின்றி ஆண்டால் உரிமை கோரலாம் என்ற பழைய ஆட்சியுரிமைச் சட்டம் அப்படி இருந்தவர்களுக்குச் சாதகமானது. போர்க்காலத்தில் வரமுடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். ஆகவே வளவில் யார் இருக்கிறார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்பது உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சமமான கேள்வி.

அடுத்தது பெர்மிட் காணி. நகரத்தை விட்டு வெளியே போகப் போக இது கூடும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. விலை மலிவாக இருக்கும், "எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்பார் தரகர். வாங்கியவர் கையில் இருப்பது உறுதியல்ல, சத்தியம் செய்து எழுதிய வெறும் சத்தியக்கடதாசி. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பங்குக் காணியும் அப்படித்தான், நான்கு சகோதரர்களில் மூவர் கையெழுத்து வைத்தால் வீட்டில் முக்கால் பங்குதான் உங்களுக்கு வரும். விற்பவர் யாழ்ப்பாணத்துப் பூர்வீகமுள்ள திருமணமான பெண் என்றால் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் மரபுச் சட்டம் அவரைக் கட்டும், கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். கடற்கரையோரம் பார்த்தால் கரையிலிருந்து உள்நோக்கி 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட, பெருப்பிக்கத் தனி அனுமதி தேவை. கடலைப் பார்க்கும் அந்த மேல்மாடிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குப் பேச்சு வராது.

சட்டத்தரணியிடம் இல்லாததையும் சொல்ல வேண்டும். அவர் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கமாட்டார். கூரை ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்க்கமாட்டார். விலை கூடவா குறையவா என்பது அவர் வேலையும் இல்லை. கடதாசியில் 20 பேர்ச்சஸ் இருக்கும், நிலத்தில் 18 தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நில அளவையாளர் ஒருவர் எல்லைக் கற்களைப் பார்த்துப் புதிதாக அளக்க வேண்டும். பக்கத்து வளவுக்காரர் மதிலை இந்தப் பக்கம் தள்ளிக் கட்டியிருப்பது அன்றுதான் வெளிவரும்.

ஆகவே என் தெரிவு நான்கில் ஒன்று அல்ல. வீட்டைக் கண்டுபிடிக்கத் தரகர், ஒருவரோடு நில்லாமல் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைக்கலாம். பார்க்க உறவினர். கடதாசிக்கு, தரகருக்கும் உறவினருக்கும் சம்பந்தமில்லாத சட்டத்தரணி. அளக்க நில அளவையாளர். செலவு கூடுமே என்பார்கள். முத்திரைத் தீர்வையே பொதுவாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்று போகிறது, தரகு அதற்கு மேல். இவற்றைப் பார்க்க, பரிசோதனைக்கும் அளவைக்கும் கொடுப்பது சின்னக் காசு. அதில்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

வரமுடிந்தவர்கள் கையெழுத்து நாளுக்கு வாருங்கள். ஒரு தடவைதான் வரமுடியும் என்றால் வெயில் காலத்தில் வராமல் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். விமானச் சீட்டு மலிவில்லை, கடலில் குளிக்கவும் முடியாது, ஆனால் வீட்டின் உண்மையான முகம் தெரியும். வரவே முடியாதவர்கள், விசேட அற்றோர்னித் தத்துவத்தோடு உறவினரைக் கையெழுத்துக்கு அனுப்பலாம், காசை மட்டும் அவரது கணக்குக்கு அனுப்பாதீர்கள். வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு (Inward Investment Account) ஒன்றைத் திறந்து அதன் வழியாகக் கொண்டுவாருங்கள். நாளைக்கு வீட்டை விற்றுக் காசை வெளியே கொண்டுபோக நினைத்தால் அந்தத் தடம்தான் கைகொடுக்கும். வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்த காசுக்கு அந்தத் தடம் கிடையாது. விற்பவருக்கு வங்கிக் காசோலையாக, கையெழுத்து மேசையிலேயே கொடுங்கள். உறுதியில் உண்மையான விலையையே எழுதுங்கள், தீர்வையைக் குறைக்கலாம் என்று யார் சொன்னாலும்.

கையெழுத்தோடு வேலை முடியவில்லை. நொத்தாரிசு தான் ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில் அதே காணியை வேறொருவர் காசு கொடுத்து வாங்கி உங்களுக்கு முன்னால் பதிந்துவிட்டால் சட்டம் பதிந்தவர் பக்கம் சாயக்கூடும். அதனால் உறுதியை உடனே பதிவுக்குக் கொடுக்கும்படி கேளுங்கள், அதற்குக் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள். தரகரோடு முதல் நாளே பேசிவைக்க வேண்டியதும் இதுதான்: கூலியில் பாதி கையெழுத்தன்று, மீதி பதிவகப் பிரதியில் உங்கள் பெயரைக் கண்ட பிறகு. நல்ல தரகர் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காதவரிடம் வீடு பார்க்கப் போகவே வேண்டாம்.